நகோயாவில் ஒரு திங்கட்கிழமை

எந்த இடத்துக்குப் போனாலும் ஜீவராணி அக்கா உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் கொஞ்சம் நிற்பார். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் எழுதிய பலகை எங்கே இருக்கிறது என்று தேடுவார். கண்டதும் மேலிருந்து கீழ்வரை உதடு அசைய வாசிப்பார். வங்கி, தபாலகம், பல் வைத்தியர், கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தியில் மருந்து வாங்கும் பாமசி, எதுவானாலும் அப்படித்தான். கோயிலில்கூட நடை சாத்தும் நேரத்தை வாசித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். எங்கள் இரண்டு வீடும் ஒரே தொடர்மாடியில். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். கதவு திறந்துதானே இருக்கிறது, பிறகு எதற்கு வாசிப்பு என்று ஒருமுறை கேட்டேன்.

“தொறந்திருக்கிறது இன்னிக்கித்தானே புள்ள. அடுத்த தடவ வர்றப்ப?”

அவர் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் படிக்கும்போது பரீட்சைக்குத் தேவையான அடையாள அட்டைக்காக அவருடைய அம்மா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அவரை டவுனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கந்தோர் மூடியிருந்தது. அடுத்த முறை அம்மாவுக்கு லீவு கிடைப்பதற்குள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. இதை அவர் சோகமாகச் சொல்வதில்லை. “போயான்னு காலண்டர்ல செவப்பா போட்டிருக்கு. எங்க லயத்து வீட்டுல காலண்டரே இல்ல” என்று சிரிப்பார்.

பல்கலைக்கழகம் முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்காக நான் காத்திருந்தபோது அவர்தான் என்னைத் தன் வேலையிடத்தில் சேர்த்துவிட்டார். வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய பயண முகவர் நிலையம். முதலாளி நபீஸ் நானா. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமை. வரலாறு படித்த பிள்ளை பாஸ்போர்ட்டைப் போட்டோக் கொப்பி எடுக்கிறாள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. “ஒபிஸ்ல இருக்கா” என்றுதான் சொன்னார்.

ஜீவராணி அக்காவின் வேலை பயணத்திட்டம் எழுதுவது. ஜப்பானுக்குச் சுற்றுலா விசா கேட்பவர்கள் எந்த நாளில் எங்கே நிற்பார்கள், என்ன பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு நாளுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற முகவர்கள் ஒரே திட்டத்தை எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுப்பார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவார். அதில் அருங்காட்சியகங்கள் நிறைய இருக்கும்.

“ஷொப்பிங்னு எழுதுனா, இவன் வேல தேடித்தான் வர்றான்னு நெனப்பாங்க. மியூசியம் பாக்கப் போறவன் திரும்பி வருவான்” என்பார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. அவரும் கொழும்பு மியூசியத்துக்கு ஒரு தடவைதான் போயிருக்கிறார். ஆனால் நகோயாவில் எந்தெந்த அருங்காட்சியகம், எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, எந்தக் கிழமை பூட்டு என்பதையெல்லாம் கணினியில் தேடித் தேடி எழுதுவார். இலங்கைப் பிள்ளைகள் பலர் நகோயாப் பக்கம் இருப்பதால் அந்த நகரம்தான் எங்களுக்கு அடிக்கடி வந்தது.

“இவவ கபுறுக் குழிக்குக் கொண்டு போனாலும் வாசல்ல போர்ட் இருக்கான்டு பாப்பா” என்பார் நபீஸ் நானா.

“இருந்தா வாசிக்கத்தான் வேணும் நானா. உள்ள போனப்பெறகு வெளிய வர ஏலாதே.”

இரத்தினம்மா எங்களிடம் வந்தது ஒரு மழைநாளில். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பிளட் வீட்டில் தனியாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மகள் கனடாவில். மகன் கிஷாந்த் மொழி படிக்கவென்று நகோயாவுக்குப் போய், படிப்பு விட்டுப்போய், பெட்டிச் சாப்பாடு அடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்து, விசா முடிந்து, பிறகு அப்படியே தங்கிவிட்டவர். அவர் போகும்போது மீசை சரியாக அரும்பவில்லை என்று இரத்தினம்மா சொன்னார். இப்போது வயிற்றில் புற்றுநோய். அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தார். விமானத்தில் ஏற்றுகிற நிலையில் இல்லை. அவரிடம் விசாப் பத்திரம் இல்லாததால் அம்மாவை அவர் அழைக்கவும் முடியாது.

“டூறிஸ்டாப் போகலாமெண்டு சொல்லினம். நான் இந்த வயசிலை என்னத்தைப் பாக்கப் போறன் எண்டு எழுதுவியள்?” என்று கேட்டார்.

அக்கா பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு, “மியூசியம் பாக்கப் போறீங்கம்மா. நீங்க டீச்சர். டீச்சர்மாருக்கு மியூசியம் பொருந்தும்” என்றார்.

தூதரகத்தில் கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காக இரத்தினம்மா சில நாட்கள் வந்து பாடம் கேட்டார். அந்த மத்தியானங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வேலை இல்லாத நேரத்தில் நபீஸ் நானாவும் கதிரையைத் திருப்பிப்போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“முதல்ல விஞ்ஞான மியூசியம்” என்று அக்கா படத்தைக் காட்டுவார். “ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல பெரிய உருண்டை. அதுக்குள்ள போய்ச் சாஞ்சு படுத்தா மேல நட்சத்திரம் தெரியும். உலகத்துலயே பெரிய அந்த மாதிரி மண்டபத்துல அதுவும் ஒண்ணாம்.”

“நட்சத்திரம் பாக்கவோ? கரண்ட் இல்லாத வருசம் மொட்டை மாடியிலை வேண்டிய மட்டும் பாத்தனான்.”

“அத அங்க சொல்லிடாதீங்கம்மா.”

“அடுத்தது?”

“டொயோட்டா மியூசியம். பழைய செங்கல் ஃபெக்டரி. உள்ள போனா முதல்ல காரில்ல, தறி. நூல் நூக்கிற மெசின், நெய்யிற மெசின். அதுலருந்துதான் அவங்க காருக்கு வந்தாங்களாம்.”

“அப்ப எங்கட டொயோட்டா வேன்காரனுக்கும் இது தெரியாது” என்று இரத்தினம்மா சிரித்தார். “தறியிலை துவங்கினது. ஓம், இது நல்லாயிருக்கு. இதைச் சொல்லுவன்.”

டொக்குகாவா அருங்காட்சியகம் அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய பிரபு குடும்பத்து வாள்கள், கவசங்கள், தேநீர்ப் பாத்திரங்கள். “வாள் பாக்க எனக்கென்ன ஆசை” என்றார். அக்கா விடவில்லை. கலியாணச் சீதனமாகக் கொண்டுபோன பெட்டிகளும் அங்கே இருக்கின்றன என்று சொன்னார். “சீதனமெண்டால் பாப்பம். எங்களை விடக் கூடக் குடுத்திருக்கினமோ எண்டு.” நொரிட்டாகே பீங்கான் காட்சியகம் என்றதும் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். இரத்தினம்மாவின் கண்ணாடி அலுமாரியில் மாத்தளைத் தொழிற்சாலையில் செய்த நொரிட்டாகே கோப்பைகள் இருந்தன. மகளின் கலியாணத்துக்கு வாங்கியவை.

“மாத்தளையிலை செய்யிற கோப்பையைப் பாக்க நான் ஜப்பானுக்குப் போறனெண்டால் ஆர் நம்புவினம்?”

“அதனாலதான்மா நம்புவாங்க. வீட்டுல கோப்ப இருக்கு, அது பொறந்த எடத்தப் பாக்கணும்னு சொல்லுங்க.”

டொயோட்டாவும் நொரிட்டாகேயும் அருகருகே இருக்கின்றன, நடந்து போகலாம். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் போட்டிருந்தார். எல்லா நாளிலும் பின்னேரத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் பின்னேரம்தான். அதையும் தேடி வாசித்து வைத்திருந்தார்.

ஒருநாள் படியிறங்கும்போது இரத்தினம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளை, நான் இதெல்லாத்தையும் உண்மையாவே பாப்பன். காலமை மியூசியம், பின்னேரம் பிள்ளை. எழுதிப்போட்டுப் போகாமல் விட்டால் அது பொய். பொய் சொல்லிப்போட்டு அவன்ரை முகத்திலை முழிக்க ஏலாது.”

விண்ணப்பம் கொடுக்கும் நாளன்று காலையில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். புறப்படுகிற நாள் செவ்வாய்க்கிழமை என்று அப்போதுதான் கவனித்திருந்தார்.

“செவ்வாயிலை வெளிக்கிட ஏலாது பிள்ளை. செவ்வாயோ வெறுவாயோ எண்டு சொல்லுறது. வருத்தக்காரனைப் பாக்கப் போறன். ஒருநாள் முந்திப் போடும்.”

“எங்க பக்கத்துல செவ்வாய்க்கிழம அம்மனுக்கு ஒகந்த நாள்மா” என்றார் அக்கா.

“அது உங்களுக்கு. எனக்கு மனம் கேக்காது.”

பதிவு செய்து வைத்த டிக்கெட் திங்கட்கிழமைக்கு மாறியது. ஹோட்டல் மாறியது. நபீஸ் நானா கீழே வாகனத்தில் காத்துக்கொண்டிருந்தார், அன்று இன்னும் நான்கைந்து பேருடைய பாஸ்போர்ட் போக வேண்டியிருந்தது. அக்கா திட்டத்தைத் திறந்து எல்லாத் திகதிகளையும் ஒருநாள் முன்னால் நகர்த்தினார். நான் அச்சடித்துக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் வெறுமையாகத் திரும்பி வந்தது. மறுப்பதற்குக் காரணம் சொல்வதில்லை. அதே நோக்கத்துக்காக ஆறு மாதத்துக்குத் திரும்பக் கேட்கவும் முடியாது. இதைச் சொல்லும் வேலை அக்காவுடையது. கதிரையில் உட்கார்ந்திருந்த இரத்தினம்மா பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். எங்காவது ஒரு மூலையில் ஒட்டியிருக்கிறார்களோ என்பதுபோல.

“ஆரைக் கேக்கலாம்?”

“கேக்க ஆளில்லம்மா.”

“நேரை போய் நிண்டு கேட்டால்?”

“சொல்ல மாட்டாங்கம்மா.”

“நான் மியூசியத்தையெல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறன். எம்பசியாக்கள் என்னைக் கூப்பிடவேயில்லையே.”

மகளைக் கனடாவிலிருந்து அனுப்பலாமா என்று பார்த்தார்கள். அவள் நிறைமாதம். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எங்கெங்கோ மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. எங்கள் நிலைமை அவர்களுக்கு விளங்குகிறது, தங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். படித்த படிப்பு எதற்கு உதவும் என்று அடிக்கடி யோசிக்கிற எனக்கு, அந்தக் கடிதத்தைத் தமிழில் இரத்தினம்மாவுக்கு வாசித்துச் சொல்லத்தான் அது உதவியது.

ஆறு மாதம் முடிவதற்கு முன்பே கிஷாந்த் இறந்துபோனார். கடைசி நாட்களில் அவருடைய சினேகிதன் திலக்ஷன் தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். இரத்தினம்மா இங்கே வெள்ளவத்தையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. “சத்தம் வரேல்லை, வாய் மட்டும் அசைஞ்சது” என்றார்.

சாம்பலைத் திலக்ஷன் கொண்டுவந்தான். அந்தியேட்டிச் சடங்குக்கு அக்காவும் நானும் போனோம். சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு திலக்ஷன் கிஷாந்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான். லீவு நாட்களில் கிஷாந்த் அறையில் இருக்க மாட்டாராம். ஒரு பழைய பீங்கான் ஃபெக்டரித் தோட்டம் இருக்கிறது, உள்ளே போகக் கட்டணம் இல்லை, பெரிய புகைபோக்கிகள் நிற்கும், அதன் பக்கத்து மர வாங்கில் போய் உட்கார்ந்திருப்பாராம். உருண்டையான ஒரு கட்டடத்தையும் வெளியில் நின்று பார்ப்பாராம்.

“உள்ளுக்கை போகேல்லையோ?” என்று இரத்தினம்மா கேட்டார்.

“போயிருப்பான் அன்ரி. எனக்குச் சரியாத் தெரியாது.”

இரத்தினம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “உது எங்கட திட்டத்திலை இருந்ததல்லோ. உருண்டையும் பீங்கானும். நான் பாக்க வேண்டியதைத்தான் அவனும் பாத்திருக்கிறான்.” கதிரையை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டார். “ஜீவராணி, எனக்குப் பேருகள் மறந்துபோச்சு. அந்த மியூசியங்களைத் தமிழிலை ஒருக்கால் எழுதித் தாரும். என்ன இருக்கு, எப்பிடிப் போறது எண்டெல்லாம். நீர் சொன்ன மாதிரியே. வாசிச்சுக்கொண்டாவது இருப்பன்.”

“எழுதித் தர்றேன்மா. நாளைக்கே தர்றேன்” என்றார் அக்கா.

மறுநாள் காலையில் கணினியில் பழைய திட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினார். நான் எதிர்மேசையில் இருந்தேன். நொரிட்டாகே என்று தலைப்புப் போட்டு, கோப்பைகளைப் பற்றி எழுதி, வழக்கம்போல் அடியில் திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை என்று எழுதிக்கொண்டு போனவர் நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“புள்ள, இத வாசி.”

திரையில் டொயோட்டாவும் நொரிட்டாகேயும் திங்கட்கிழமையில் இருந்தன. தாளில் அவருடைய கையெழுத்தில், திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று இருந்தது.

அவர் முதலில் எழுதிய திட்டத்தில் திங்கட்கிழமை ஓய்வு, பூங்கா என்றுதான் இருந்தது. நகோயாவில் பெரிய அருங்காட்சியகங்களில் அநேகமானவை திங்கட்கிழமை பூட்டு என்பது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். செவ்வாயில் புறப்பட மாட்டேன் என்று இரத்தினம்மா சொன்னதும் எல்லாம் ஒருநாள் நகர்ந்து, செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டியது திங்களில் போய் விழுந்துவிட்டது.

“அதுக்காக மறுத்திருக்க மாட்டாங்க அக்கா” என்றேன்.

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“மகன் அங்க பத்திரம் இல்லாம இருந்தது தெரிஞ்சிருக்கும். இல்லாட்டி வயசு. தனியாப் போறது. எவ்வளவோ காரணம் இருக்கலாம்.”

“இருக்கலாம். இதாவும் இருக்கலாம்.”

“இருக்கலாம்” என்று நானும் சொல்ல வேண்டியதாயிற்று.

நபீஸ் நானா எழுந்து வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. “அந்த ஆபிசர்மாருக்கு நூத்துக்கணக்குல பேப்பர் வரும் ஜீவராணி. கிழம பாத்துக்கிட்டா இருப்பாங்க?” என்றார். அக்கா சொன்னார்: “நான் பாப்பேனே நானா. அந்த எடத்துல நான் இருந்தா மொதல்ல அதத்தான் பாப்பேன்.”

அந்தத் தாளை அவர் முடிக்கவில்லை. நேரங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று சொன்னேன். எழுதிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அடிவரியில் பேனா நின்றுவிடும். இரத்தினம்மா கணக்கு டீச்சர், பழைய திட்டத்தோடு கிழமையைப் பொருத்திப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் செல்லும் என்று அக்கா கேட்டார். நேரம் எழுதாவிட்டால், ஏன் எழுதவில்லை என்று கேட்பார். பொய் நேரம் எழுதவா? திலக்ஷனிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

“என்மேல கோவப்பட்டா பரவாயில்ல புள்ள. நாள மாத்தச் சொன்னது அவங்கதானே. ‘நான்தானே மாத்தினேன், நான்தானே மாத்தினேன்’னு அந்தம்மா பிளட்டுல ஒத்தையில ஒக்காந்திருக்கும். அத நான் எப்பிடிக் குடுக்குறது?”

அவர் சொன்னது முழுக்க இரத்தினம்மாவுக்காகத்தானா, பாதி தனக்காகவுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இரத்தினம்மா சந்தைக்குப் போகும் வழியில் எங்கள் மாடிப்படியில் ஏறி வருவார். “பேப்பர் எழுதியாச்சோ?” என்பார். “எழுதிக்கிட்டிருக்கேன்மா, வேல கூடிப்போச்சு” என்பார் அக்கா. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். ஒருமுறை படியில் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து பின்பக்கம் கழிவறைக்குப் போய்விட்டார். அக்கா இல்லை என்று நான் சொன்னேன். பலகைகளை வாசிப்பதும் அந்த நாட்களில் நின்றுபோனது. 155ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராக உள்ளே போய்விடுவார். ஜப்பான் திட்டங்கள் வந்தால் என் பக்கம் தள்ளிவிடுவார். நான் எழுதியதை வாங்கி, கிழமைகளை விரலில் எண்ணிப் பார்ப்பார், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார், பிறகும் திருப்தி வராமல் என்னிடமே திருப்பித் தருவார்.

சித்திரைக்குப் பிறகு அவர் வேலையை விட்டார். நுகேகொடையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் இப்போது இருக்கிறார். பாஸ்போர்ட் படமும் எடுப்பார்கள். சம்பளம் குறைவு, பயணமும் நீளம். ஆனால் அங்கே யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார், அம்மாவோடு கதைத்துக்கொண்டு கீரை ஆய்வார். வெள்ளவத்தையைப் பற்றி நான் பேச்செடுத்தால், “ஒன் நியமனம் என்னாச்சு?” என்று கேட்பார். அத்தோடு நானும் நிறுத்திக்கொள்வேன். நியமனம் இன்னும் வரவில்லை.

முடிக்காத அந்தத் தாள் என் மேசை லாச்சியில் இருக்கிறது. நொரிட்டாகே மட்டும் முழுதாக இருக்கிறது, விடுமுறை நாளோடு. மற்றவற்றை நானே எழுதி முடித்துவிடலாம். எல்லாத் தகவலும் எனக்கும் தெரியும். ஆனால் இரத்தினம்மா கேட்டது ஜீவராணி அக்காவிடம். அவர் கொடுக்க முடியாமல் வைத்துவிட்டுப் போனதை அவரைக் கேட்காமல் நான் எடுத்துக் கொடுக்கலாமா? கொடுக்காமல் வைத்திருப்பதற்கு எனக்கு என்ன உரிமை? இரண்டுக்கும் நான் மாறி மாறி நியாயம் சொல்லிக்கொள்கிறேன், நாட்கள் போகின்றன.

போன கிழமை காலி வீதியில் இரத்தினம்மாவைக் கண்டேன். கையில் மரக்கறிப் பை. மெலிந்துபோயிருந்தார். பையை வாங்கிக்கொண்டு ஒழுங்கை முனைவரை கூட நடந்தேன்.

“ஜீவராணி எப்பிடி இருக்கிறா?”

“இருக்கிறாங்க அம்மா. நுகேகொடையிலதான்.”

“நல்ல பிள்ளை. எனக்காக எவ்வளவு பாடுபட்டது.” வீதியைக் கடக்க வாகனங்கள் விடவில்லை. நின்றோம். “கண்டால் சொல்லும், அவ எனக்கு ஒரு பேப்பர் தரவேணும். நகோயா மியூசியங்கள். தாறனெண்டு சொன்னவ, இன்னும் தரேல்லை.”

“சொல்றேன் அம்மா” என்றேன்.